பாதம், கணுக்கால் மீள்திருத்த அறுவைச் சிகிச்சை

பாதம், கணுக்கால் மீள்திருத்த அறுவைச் சிகிச்சை என்பது, பாதத்திலோ கணுக்காலிலோ முன்னர் செய்யப்பட்ட ஓர் அறுவைச் சிகிச்சை எதிர்பார்த்த பயனைத் தராதபோது, அல்லது அதனால் புதிய குறைபாடு ஒன்று தோன்றும்போது, அதனைச் சரிசெய்வதற்காக மீண்டும் செய்யப்படும் சிகிச்சை ஆகும். சேராத எலும்பைச் சேர்த்தல், கோணலாகச் சேர்ந்த எலும்பை வெட்டி நேராக்குதல், தளர்ந்த செயற்கை மூட்டை மாற்றுதல், தொற்றுக்குள்ளான உலோகப் பொருத்திகளை அகற்றுதல், மீண்டும் தோன்றிய கோணலைத் திருத்துதல் ஆகியன இதனுள் அடங்கும். இது எலும்பு மூட்டு மருத்துவத்தின் ஒரு கிளைத்துறையாகக் கருதப்படுகின்றது.

முதல் அறுவைச் சிகிச்சையைவிட மீள்திருத்தம் கடினமானது. தழும்பேறிய தோல், குறைந்துபோன எலும்பு, இடம் மாறிய நரம்புகள், குன்றிய குருதியோட்டம் ஆகியவற்றுக்கிடையே மருத்துவர் பணியாற்ற வேண்டியுள்ளது. நோயாளிக்கு எஞ்சியுள்ள தெரிவுகளும் ஒவ்வொரு அறுவைக்குப் பின்னரும் குறைகின்றன. ஆகவே எப்படி அறுப்பது என்பதற்கு முன்னர், முதற் சிகிச்சை ஏன் பயனளிக்கவில்லை என்பதை அறிவதே இத்துறையின் முதன்மையான வினாவாக உள்ளது.

உடற்கூற்றியல் பின்னணி

மனிதப் பாதம் ஒவ்வொன்றிலும் 26 எலும்புகளும் 30-க்கு மேற்பட்ட மூட்டுகளும் உள்ளன. கணுக்கால் மூட்டு மூன்று எலும்புகளால் ஆனது. கீழ்க்காலின் உள்ளெலும்பும் வெளியெலும்பும் சேர்ந்து கவட்டை போன்ற அமைப்பை உருவாக்க, அதனுள் தாலசு எனப்படும் எலும்பு பொருந்தியிருக்கும். தாலசின் பரப்பில் பெரும்பகுதி குருத்தெலும்பால் மூடப்பட்டிருப்பதால் குருதிக் குழாய்கள் அதனுள் நுழைவதற்கு இடம் மிகக் குறைவு. இதனால் காயத்துக்கோ அறுவைக்கோ பின்னர் இவ்வெலும்பின் ஒரு பகுதி இறந்துபோக வாய்ப்புண்டு.

உடலின் முழு எடையும் சிறிய பரப்பொன்றின் வழியே நிலத்தைச் சென்றடைவதால், பாதத்தில் சிறு பிழையும் பெரிய விளைவைத் தரும். ராம்சே, ஆமில்டன் ஆகியோர் 1976-இல் வெளியிட்ட ஆய்வில், தாலசு 1 மிமீ அளவு வெளிப்புறமாக நகர்ந்தாலே மூட்டின் தொடுபரப்பு சராசரியாக 42% குறைவது கண்டறியப்பட்டது. தொடுபரப்பு குறைந்தால் எஞ்சிய பகுதியில் அழுத்தம் கூடிக் குருத்தெலும்பு தேய்கின்றது. முறிவு சேர்ந்துவிட்டது என்று மட்டும் பார்த்து நிறைவடைய முடியாமைக்கு இதுவே காரணம்.

கணுக்காலைச் சுற்றியுள்ள தோலுக்கு அடியில் தசை மிகக் குறைவு. தசைகள் தசைநாண்களாக மாறியே இப்பகுதியைக் கடக்கின்றன. எனவே இங்கு ஒரு காயம் பிரிந்தால் அதன் அடியில் எலும்போ உலோகமோ நேரடியாக வெளித்தெரிய நேரிடுகின்றது.

முதல் அறுவைச் சிகிச்சை பயனளிக்காமைக்கான காரணங்கள்

இக்காரணங்கள் பொதுவாகப் பின்வருமாறு வகைப்படுத்தப்படுகின்றன:

- நோயறிதல் பிழை: வலியின் உண்மையான இடம் வேறாக இருத்தல். எடுத்துக்காட்டாக, கணுக்கால் மூட்டு இறுக்கிப் பிணைக்கப்பட்டபின், வலி அதன் கீழுள்ள குதிகால் மூட்டிலிருந்து வந்தது தெரியவரலாம்.
- முறைத் தெரிவில் பிழை: பெரிய கோணலுக்குச் சிறிய திருத்தம் செய்தல்.
- நுட்பப் பிழை: எலும்பு தவறான கோணத்தில் பொருத்தப்படல், பொருத்தியின் உறுதி போதாமை.
- உயிரியல் காரணங்கள்: எலும்பு சேராமை, எலும்பு இறப்பு, குருதியோட்டக் குறைவு.
- தொற்று: வெளிப்படையாகச் சீழ் வடியும் தொற்று மட்டுமன்றி, வலி, தளர்வு ஆகியவற்றால் மட்டுமே தெரியும் மந்தமான தொற்றும் இதில் அடங்கும்.
- நரம்புப் பாதிப்பு: வெட்டப்பட்ட நரம்பின் நுனியில் வலிமிகு முடிச்சு உருவாதல், நரம்பு தழும்பில் சிக்கிக்கொள்ளல்.
- காலப்போக்கு: பிணைக்கப்பட்ட மூட்டுக்கு அண்மையிலுள்ள மூட்டுகள் தேய்தல், செயற்கை மூட்டு தேய்தல்.

புகைபிடித்தல், நீரிழிவு, உயிர்ச்சத்து டி குறைவு, ஊட்டக்குறைவு ஆகியன எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தக்கூடியவை. கணுக்கால் பிணைப்புச் சிகிச்சை பெற்றோரிடம் 1994-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், புகைபிடிப்போரிடம் எலும்பு சேராமைக்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. அறுவைக்கு முன் புகைப்பதை நிறுத்துமாறு பல மருத்துவர்கள் கட்டாயப்படுத்துவதற்கு இத்தகைய முடிவுகளே அடிப்படை.

சில வேளைகளில் அறுவைச் சிகிச்சை நுட்பரீதியாகச் சரியாக இருந்தும் நோயாளி நிறைவடைவதில்லை. பாதத்தில் வீக்கம் வடிவதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். இக்காலம் முடியுமுன் தோல்வி என முடிவுசெய்து மீண்டும் அறுப்பது பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றது. தொற்று, பொருத்தி உடைதல், மூட்டு விலகல் போன்றன இதற்கு விதிவிலக்குகள்.

மதிப்பீடு

முந்தைய அறுவைச் சிகிச்சையின் குறிப்புகளும் அதற்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட படங்களும் திரட்டப்படுகின்றன. எந்த வகைப் பொருத்தி இடப்பட்டது என்று தெரியாவிடின், அதனை அகற்ற உரிய கருவி இல்லாமல் அறுவை நடுவிலேயே தடைப்படக்கூடும்.

ஊடுகதிர்ப் படங்கள் நோயாளி நின்ற நிலையில் எடுக்கப்பட வேண்டும். படுத்த நிலையில் எடுக்கும் படத்தில் எடை தாங்கும்போது உண்டாகும் சரிவு தெரிவதில்லை. எலும்பு உண்மையில் சேர்ந்துள்ளதா என்பதை அறியச் சி.டி. அலகீடு பயன்படுகின்றது. உலோகத்தின் நிழல் காரணமாகச் சாதாரணப் படத்தில் சேர்ந்ததுபோல் தோன்றும் எலும்பு, சி.டி. படத்தில் இடைவெளியுடன் காணப்படுவதுண்டு. 2010களில் பரவலான, நின்றநிலையில் எடுக்கும் சி.டி. கருவிகள் இவ்விரு பயன்களையும் ஒருங்கே தருகின்றன.

தொற்று உள்ளதா என்பதை அறியக் குருதிச் செவ்வணுப் படிவு வீதம், சி-எதிர்வினைப் புரதம் ஆகியவை அளக்கப்படுகின்றன. இவை இயல்பளவில் இருந்தாலும் மந்தமான தொற்று இல்லை என்று உறுதிகூற முடியாது. எனவே அறுவையின்போது வெவ்வேறு இடங்களிலிருந்து பல இழைய மாதிரிகள் எடுக்கப்பட்டு நுண்ணுயிர் வளர்ப்புக்கு அனுப்பப்படுகின்றன. இயலுமானால் இதற்கு முன் இரண்டு வாரமளவு நுண்ணுயிர்க்கொல்லிகள் நிறுத்தி வைக்கப்படும்.

குருதியோட்டத்தை அறியக் கணுக்காலின் குருதியழுத்தம் கையின் குருதியழுத்தத்துடன் ஒப்பிடப்படுகின்றது. நீரிழிவு உள்ளோரிடம் நாடிச் சுவரில் கல்சியம் படிந்து அது கடினமாவதால், இவ்வளவீடு உண்மையைவிட அதிகமாகக் காட்டக்கூடும். அத்தகையோரிடம் கால்விரலில் அழுத்தம் அளப்பதே நம்பகமானது.

வலியின் இடம் ஐயத்துக்குரியதாக இருந்தால், ஒரு குறிப்பிட்ட மூட்டினுள் மரப்பு மருந்து செலுத்திப் பார்ப்பர். வலி தற்காலிகமாக நீங்கினால் அம்மூட்டே காரணம் எனக் கொள்ளலாம். காரணம் கண்டறியப்படாத வலிக்கு மீண்டும் அறுவைச் சிகிச்சை செய்வது பெரும்பாலும் பயனளிப்பதில்லை. சிக்கலான வட்டார வலிக் கூட்டறிகுறி எனப்படும் நிலையில், அறுவை வலியை மேலும் தூண்டக்கூடும்.

முக்கிய வகைகள்

பெருவிரல் கோணல் மீளத் தோன்றல்

பெருவிரல் மற்ற விரல்களை நோக்கிச் சாய்ந்து, அதன் அடியில் உட்புறமாக எலும்பு புடைத்துத் தோன்றும் குறைபாட்டுக்கு நூற்றுக்கு மேற்பட்ட அறுவை முறைகள் விவரிக்கப்பட்டுள்ளன. இத்தனை முறைகள் இருப்பதே எந்த ஒன்றும் எல்லோருக்கும் பொருந்தாது என்பதைக் காட்டுகின்றது.

கோணல் மீளத் தோன்றுவதற்குப் பொதுவான காரணம், புடைப்பை மட்டும் செதுக்கிவிட்டு, அதற்கு மூலமான முதல் அனுகணுக்காலெலும்பின் சாய்வைத் திருத்தாமல் விடுவதாகும். அனுகணுக்காலெலும்புகள் என்பன விரல்களுக்கும் நடுப்பாதத்துக்கும் இடையிலுள்ள ஐந்து நீள எலும்புகள். முதல், இரண்டாம் அனுகணுக்காலெலும்புகளுக்கு இடைப்பட்ட கோணம் இயல்பில் ஏறத்தாழ 9 பாகைக்கு உட்பட்டிருக்கும். இவ்வெலும்பு தன் அச்சில் சுழன்றிருப்பதும் ஒரு காரணம் என்பது பிற்காலத்தில் வலியுறுத்தப்பட்டது. பெருவிரல் அடியிலுள்ள இரு சிறு எள்ளெலும்புகள் தம் இடத்துக்குத் திரும்பாதபோது கோணல் மீளும் வாய்ப்பு அதிகம் எனச் சப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினர்.

இத்தகைய மீள்திருத்தத்தில் பயன்படும் முறைகளுள் ஒன்று, பவுல் இலாப்பிடசு என்ற மருத்துவர் 1934-இல் விவரித்த பிணைப்பு ஆகும். இதில் முதல் அனுகணுக்காலெலும்பு அதன் அடி மூட்டில் திருத்தப்பட்டு நிலையாகப் பிணைக்கப்படுகின்றது. விரலடி மூட்டு தேய்ந்திருந்தால் அம்மூட்டே பிணைக்கப்படும்.

இதற்கு மாறாக, அளவுக்கு மீறித் திருத்துவதும் உண்டு. மெக்பிரைடு 1928-இல் விவரித்த முறையில் வெளிப்புற எள்ளெலும்பு அகற்றப்பட்டது. இதன் பின்னர் சிலரிடம் பெருவிரல் எதிர்த்திசையில், உட்புறமாக விலகியது. இந்நிலையில் காலணி அணிவதே கடினம். கெல்லர் 1904-இல் விவரித்த முறையில் விரலெலும்பின் அடிப்பகுதி வெட்டி அகற்றப்படுவதால், விரல் குட்டையாகி வலுவிழந்து, எடை அடுத்த விரல்களின் அடிக்கு மாறி அங்கு வலி தோன்றலாம். இதனைச் சரிசெய்ய இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துண்டை இடையில் வைத்து நீளத்தை மீட்டுப் பிணைக்க வேண்டியிருக்கும்.

தவறான நிலையில் சேர்ந்த கணுக்கால் முறிவு

கணுக்கால் முறிவுக்குப் பின் வெளியெலும்பு குட்டையாகவோ சுழன்றோ சேர்ந்துவிட்டால் தாலசு வெளிப்புறமாக நகர இடமேற்படும். இதற்கு வெளியெலும்பை மீண்டும் வெட்டி, நீட்டி, இடைவெளியில் எலும்புத் துண்டு வைத்துத் தகட்டால் பொருத்துவர். மூட்டின் குருத்தெலும்பு பெருமளவு எஞ்சியிருந்தால், முறிவு நிகழ்ந்து மாதங்கள் அல்லது ஆண்டுகள் கடந்த பின்னரும் இச்சிகிச்சை மூட்டைக் காக்கக்கூடும்.

கீழ்க்காலின் இரு எலும்புகளையும் இணைக்கும் இணைநார் கிழிந்திருந்தால் அவற்றைத் திருகாணியால் இறுக்குவது வழக்கம். இந்நிலையில் 25 நோயாளிகளைச் சி.டி. மூலம் ஆராய்ந்து 2006-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், பாதிக்கும் மேற்பட்டோரிடம் எலும்புகள் சரியான இடத்தில் அமையாதது தெரியவந்தது. சாதாரணப் படத்தில் இவற்றுட் பல தெரியவில்லை.

பிணைப்பு சேராமை

தேய்ந்த கணுக்கால் மூட்டின் இரு பக்கங்களையும் செதுக்கி ஒரே எலும்பாக வளரச் செய்வதே பிணைப்பு ஆகும். சான் சார்ன்லி 1951-இல் அழுத்தத்துடன் பிணைக்கும் முறையை விவரித்தார். ஆறு மாதத்துக்குப் பின்னும் எலும்பு சேராமல் வலி நீடித்தால் மீள்திருத்தம் கருதப்படும். இறந்த எலும்பும் நார்த் தழும்பும் குருதி கசியும் வரை அகற்றப்பட்டு, நோயாளியின் இடுப்பெலும்பு போன்ற இடத்திலிருந்து எடுத்த எலும்பு ஒட்டப்படுகின்றது. பின்னர் தகடு, திருகாணி, அல்லது குதிகால் வழியே செலுத்தப்படும் நீள ஆணி கொண்டு முன்னதைவிட உறுதியாகப் பொருத்தப்படும். எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் வளர்ச்சிக் காரணிப் புரதம் ஒன்று, கணுக்கால், பின்பாதப் பிணைப்புகளில் பயன்படுத்த ஐக்கிய அமெரிக்காவில் 2015-இல் ஒப்புதல் பெற்றது.

செயற்கைக் கணுக்கால் மூட்டு

பிரான்சைச் சேர்ந்த இலார்டு, மரோட் ஆகியோர் 1970-இல் செயற்கைக் கணுக்கால் மூட்டைப் பொருத்தினர். இடுப்பு மூட்டின் வடிவைத் தலைகீழாக்கியது போன்ற அக்கருவி கணுக்காலின் இயக்கத்துக்குப் பொருந்தவில்லை. அவர்கள் சிகிச்சையளித்த 25 மூட்டுகளில் 12 தோல்வியடைந்தன. 7 மட்டுமே நிறைவளித்தன. அதன்பின் பல பத்தாண்டுகளில் வடிவமைப்பு மேம்பட்டு, இன்று பெரும்பாலான செயற்கைக் கணுக்கால்கள் பத்தாண்டுகளுக்கு மேல் நிலைக்கின்றன. எனினும் இடுப்பு, முழங்கால் செயற்கை மூட்டுகளைவிட இவற்றுக்கு மீள்திருத்தத் தேவை அதிகம்.

செயற்கை மூட்டு தளர்ந்தாலோ, தேய்மானத் துகள்களால் அருகிலுள்ள எலும்பில் குழிகள் தோன்றினாலோ, அதனை அகற்றிப் புதிய, பெரிய மூட்டைப் பொருத்தலாம். எலும்பு மிகக் குறைந்திருந்தால், கொடையாகப் பெற்ற எலும்புத் துண்டால் வெற்றிடத்தை நிரப்பிப் பிணைக்கலாம். இவ்வளவு பெரிய இடைவெளியைப் பிணைப்பதில் எலும்பு சேராமை முதற் பிணைப்பைவிட மிகுதி. தாலசு முழுவதும் அழிந்த சிலருக்கு, மறுகாலின் படத்தைக் கொண்டு முப்பரிமாண அச்சில் உருவாக்கிய உலோகத் தாலசு பொருத்தப்படுகின்றது. இதற்கு ஐக்கிய அமெரிக்காவில் 2021-இல் வரையறுக்கப்பட்ட ஒப்புதல் வழங்கப்பட்டது.

அறுவைக்குப் பின்னான வளைபாதம்

பிறவியிலேயே பாதம் உட்புறமாகவும் கீழ்நோக்கியும் திரும்பியிருக்கும் வளைபாதம், ஆயிரம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு வரை காணப்படும் குறைபாடு. 1970களிலும் 1980களிலும் இணைநார்களையும் மூட்டுறைகளையும் விரிவாக வெட்டி விடுவிக்கும் அறுவை பரவலாகச் செய்யப்பட்டது. பாதம் நேராகத் தோன்றினாலும், வளர்ந்தபின் பலரிடம் விறைப்பும் வலியும் மூட்டுத் தேய்வும் உண்டானதை 2006-இல் வெளியான நீண்டகால ஆய்வு காட்டியது.

அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இக்னாசியோ போன்செட்டி (1914–2009) உருவாக்கிய முறையில், வாரந்தோறும் மாற்றப்படும் மாவுக்கட்டுகளால் பாதம் படிப்படியாகத் திருப்பப்படுகின்றது. பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணை வெட்டும் சிறு செயல்முறை மட்டும் தேவைப்படும். ஏறத்தாழ நான்கு வயது வரை இரவில் தாங்கு காலணி அணிவது இன்றியமையாதது. அதனைக் கைவிடுவதே கோணல் மீள்வதற்குப் பொதுவான காரணம். முன்பு அறுவை செய்யப்பட்டு மீண்டும் கோணலான பாதங்களிலும் முதலில் மாவுக்கட்டு முயன்று பார்க்கப்படுகின்றது. அது பயனளிக்கும் குழந்தைகளுக்கு மற்றொரு பெரிய அறுவை தவிர்க்கப்படுகின்றது.

இலிசரோவ் முறை

தோல் மிகவும் தழும்பேறி, ஒரே அறுவையில் திருத்தினால் நரம்பும் குருதிக் குழாயும் இழுபட்டுச் சேதமடையும் நிலையில், வெளிவளையச் சட்டம் பயன்படுகின்றது. சைபீரியாவின் குர்கான் நகரில் கவ்ரீல் இலிசரோவ் (1921–1992) 1950களிலிருந்து இம்முறையை உருவாக்கினார். எலும்பினூடே செலுத்திய கம்பிகள் வளையங்களில் இழுத்துப் பிணைக்கப்பட்டு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மிமீ வீதம் நகர்த்தப்படுகின்றன. இழைமங்கள் இம்மெதுவான இழுவைக்கு ஏற்ப வளர்கின்றன.

இம்முறை மேற்கு ஐரோப்பாவை அடைந்ததற்கும் பயனளிக்காத முந்தைய சிகிச்சை ஒன்றே காரணமாயிற்று. இத்தாலிய மலையேறி கார்லோ மவுரியின் கால் முறிவு, பல சிகிச்சைகளுக்குப் பின்னும் குணமாகாமல் இருந்தது. தோர் எயர்டாலின் கடற்பயணத்தில் உடன்சென்ற சோவியத் மருத்துவர் யூரி செங்கேவிச்சின் தொடர்பால் அவர் 1980-இல் குர்கான் சென்று குணமடைந்தார். 1981-இல் இலிசரோவ் இத்தாலியில் நடைபெற்ற மருத்துவ மாநாட்டில் உரையாற்ற அழைக்கப்பட்டார்.

தொற்று உள்ளபோது

தொற்றுள்ள இடத்தில் புதிய பொருத்தியை நிலையாக இடுவது பெரும்பாலும் தவிர்க்கப்படுகின்றது. முதற் கட்டத்தில் உலோகமும் இறந்த எலும்பும் அகற்றப்பட்டு, நுண்ணுயிர்க்கொல்லி கலந்த எலும்புச் சீமெந்து வெற்றிடத்தில் வைக்கப்படுகின்றது. ஆறு வாரமளவு உரிய மருந்து வழங்கி, தொற்று அடங்கியபின் இரண்டாம் கட்டத்தில் மறுசீரமைப்புச் செய்யப்படும். தோல் போதாதபோது உடலின் வேறிடத்திலிருந்து தசையோ தோலோ குருதிக் குழாயுடன் மாற்றிப் பொருத்தப்படுகின்றது.

மீட்பும் விளைவுகளும்

எலும்புப் பிணைப்புக்குப் பின் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் பாதத்தில் எடை வைக்காமல் இருக்க வேண்டியிருக்கும். மீள்திருத்தத்தில் இக்காலம் பெரும்பாலும் நீள்கின்றது. கால் அசையாதிருப்பதால் நாளங்களில் குருதி உறையும் வாய்ப்புள்ளது. தடுப்பு மருந்து தேவையா என்பது ஒவ்வொருவரின் நிலையைப் பொறுத்து முடிவுசெய்யப்படும்.

ஐக்கிய இராச்சியத்தில் 50 முதல் 85 வயது வரையான 303 பேரிடம் நடத்தி 2022-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், முதன்முறை செய்யப்படும் செயற்கைக் கணுக்கால், பிணைப்பு ஆகிய இரண்டும் ஓராண்டில் ஏறத்தாழ ஒத்த முன்னேற்றத்தைத் தந்தன. மீள்திருத்தங்களில் இத்தகைய பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் அரிது. நோயாளிகள் ஒருவரிலிருந்து ஒருவர் பெரிதும் வேறுபடுவதே இதற்குக் காரணம்.

விளைவை மதிப்பிடுகையில் நோயாளியின் வாழ்க்கை முறையும் கருதப்பட வேண்டும். பிணைத்த கணுக்காலுடன் சமதளத்தில் நன்றாக நடக்க இயலும். ஆனால் குந்தியிருத்தல், தரையில் அமர்ந்து எழுதல், சரிவான நிலத்தில் நடத்தல் ஆகியன கடினமாகும். அடிப்புறம் வளைந்த காலணி பிணைத்த கணுக்காலின் குறையை ஓரளவு ஈடுசெய்யும். வீட்டில் வெறுங்காலுடன் நடக்கும் வழக்கமுடைய சமூகங்களில் இவ்வுதவி முழுமையாகக் கிடைப்பதில்லை.

கால் அகற்றல் என்னும் தெரிவு

மீண்டும் மீண்டும் அறுவை செய்தும் தீராத தொற்றோ வலியோ உள்ள சிலருக்கு, முழங்காலுக்குக் கீழே காலை அகற்றிச் செயற்கைக் கால் பொருத்துவதும் ஒரு தெரிவாகும். இது தோல்வியின் அடையாளமாகப் பலரால் அஞ்சப்பட்டாலும், ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையிலேயே கழிந்த வாழ்வை மீட்டுத் தருவதாகவும் அமையலாம். 1968-இல் உருவாக்கப்பட்ட செய்ப்பூர் செயற்கைப் பாதம், வெறுங்காலுடன் நடக்கவும் குந்தவும் ஏற்றவாறு வடிவமைக்கப்பட்டது. மறுபுறம், வெட்டிய இடத்திலும் இல்லாத காலிலும் வலி தோன்றக்கூடும். அகற்றிய காலை மீளப் பெறவும் இயலாது. எனவே இம்முடிவுக்கு முன் செயற்கைக் கால் வல்லுநரையும், இச்சிகிச்சை பெற்ற வேறொருவரையும் நோயாளி சந்திப்பது பயனுள்ளதாகக் கருதப்படுகின்றது.

மீள்திருத்தத்துக்கு முன் தெளிவாக வேண்டியவை

முதற் சிகிச்சை பயனளிக்காமைக்குக் காரணம் யாது, அக்காரணத்தை அறுவையால் நீக்க இயலுமா, அறுவை இல்லாத வழிகள் முயலப்பட்டனவா, இம்முறையும் பயனளிக்காவிடின் அடுத்து என்ன எஞ்சியிருக்கும் என்பன பொதுவாக ஆராயப்படும் வினாக்கள். திருத்திய காலணி, கணுக்கால் தாங்கி, மூட்டில் செலுத்தும் மருந்து, உடற்பயிற்சி மருத்துவம் ஆகியவற்றால் சிலர் மறு அறுவையின்றியே போதிய நிவாரணம் பெறுகின்றனர். வேறொரு வல்லுநரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பதும் இத்துறையில் வழக்கமானது. மீள்திருத்தம் பழைய பாதத்தை முழுமையாகத் திருப்பித் தருவதில்லை. வலி குறைந்த, நிலத்தில் சமமாக ஊன்றக்கூடிய, காலணிக்குள் பொருந்தும் பாதமே பெரும்பாலும் அதன் இலக்காகும்.

இவற்றையும் பார்க்க

- கணுக்கால்
- எலும்பு முறிவு
- வளைபாதம்
- நீரிழிவுப் பாதம்
- செயற்கை மூட்டு
- செய்ப்பூர் பாதம்